தமக்குத் தாமே மனுதாரர்

மேற்படிப்புக்காகக் கடல் கடக்க எண்ணும் நம் மாணவ நண்பர்களிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு வலுத்து வருகிறது. "வேலை கொடுக்கும் முதலாளி எவரும் வேண்டியதில்லை, நம் தகுதியைக் காட்டி நாமே மனுச் செய்தால் போதும், அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை கிடைத்துவிடும்" என்பதே அப்பேச்சு. இதில் பாதி உண்மை, பாதி ஆசை. எந்தப் பாதி எது என்று அறியாமல் பணத்தையும் ஆண்டுகளையும் நம்மவர் இழந்துவிடக் கூடாது. ஆகவே நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலில் பொது வழி எது என்று பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையைக் கிரீன் கார்டு என்று மக்கள் சொல்லுகிறார்கள். தொழில் காரணமாக அதைப் பெறும் பொது வழியில் மனுதாரர் வேலைக்காரர் அல்லர், அவருடைய முதலாளி. "இவ்வேலைக்குத் தகுந்த அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை" என்று முதலாளி விளம்பரம் செய்து, தேடிப் பார்த்து, தொழில் இலாகாவிடம் சான்று பெற வேண்டும். அதன்பின் ஐ-140 என்னும் படிவத்தில் குடியேற்ற இலாகாவுக்கு மனுச் செய்ய வேண்டும். நடுவில் வேலை மாறினால், புதிய முதலாளி பெரும்பாலும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். எவ்வளவு கற்றவராயினும் மேலதிகாரியின் முகக்குறிப்பைப் பார்த்தே காலந்தள்ளும் நிலை இதனால் நேர்கிறது.

இந்தப் பிடியிலிருந்து விடுபடக் கற்றோருக்கு இரண்டு வாயில்கள் உண்டு. 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வகுத்த பிரிவுகளில் அவை அடங்கியுள்ளன.

முதல் வாயில் அசாதாரணத் திறமை உடையோருக்கானது. முதல் முன்னுரிமைப் பிரிவைச் சேர்ந்தது. நோபெல் போன்ற பெரும்பரிசு ஒன்று பெற்றிருந்தால் அதுவே போதும். அஃதில்லாதவர், சட்டவிதி கூறும் பத்து வகைச் சான்றுகளில் மூன்றேனும் காட்ட வேண்டும். பரிசுகள், தேர்ந்தோர் மட்டும் சேரக்கூடிய கழகங்களின் உறுப்பினர் பதவி, நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவை, பிறர் ஆய்வை மதிப்பிட்டமை, துறைக்குத் தந்த புதுப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், உயர்ந்த ஊதியம் முதலியன அவ்வகைகளுட் சில. மூன்றைக் காட்டிவிட்டால் வெற்றி என்று எண்ணிவிட வேண்டா. 2010-இல் கசாரியன் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பின், சான்றுகளை எண்ணுவது முதற்படியே. அனைத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்து, "இவர் தம் துறையின் உச்சியில் நிற்கும் சிலருள் ஒருவரா?" என்று அதிகாரி கேட்பது இரண்டாம் படி.

இரண்டாம் வாயிலுக்குத் தேசிய நலன் விலக்கு என்று பெயர். இஃது இரண்டாம் முன்னுரிமைப் பிரிவைச் சேர்ந்தது. முதுகலைப் பட்டமோ அதற்கு மேற்பட்டதோ இருக்க வேண்டும். அல்லது இளங்கலைப் பட்டமும் அதன்பின் படிப்படியாக உயர்ந்த ஐந்தாண்டு அனுபவமும் இருக்க வேண்டும். தம் துறையில் தனித்திறமை உடையோரும் இப்பிரிவில் வரலாம். ஆனால் பட்டம் மட்டும் போதாது. வேலை உத்தரவும் தொழில் இலாகாச் சான்றும் இவருக்கு வேண்டா என்று விலக்கு அளிக்கத்தக்க காரணம் காட்ட வேண்டும்.

அக்காரணத்தை அளக்கும் கோல் 2016 டிசம்பரில் தனசார் வழக்கில் வகுக்கப்பட்டது. கேள்விகள் மூன்று. செய்யக் கருதும் பணி மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உடையதா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் மனுதாரர் இருக்கிறாரா? எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் விலக்கு அளிப்பது அந்நாட்டுக்கு நன்மையா?

அவ்வழக்கில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர். ஒலியினும் பன்மடங்கு விரைவாகச் செல்லும் ஊர்திகளின் உந்துவிசை பற்றி ஆராய்ந்தவர். அவருடைய மனு முதலில் தள்ளப்பட்டு, மேல்முறையீட்டில் வென்றது. ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்ற அம்மன்றம், அவர் செய்ய விரும்பிய ஆசிரியப் பணிக்கு அதை ஏற்கவில்லை. ஒரு வகுப்பறைக்குள் நிற்கும் நன்மை, நாடு தழுவிய கல்வியை எவ்வாறு மாற்றும் என்பது காட்டப்படவில்லை என்பதே காரணம். ஆகவே "என் துறை முக்கியமானது" என்று எழுதினால் போதாது, "என் வேலை என் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே யாருக்குப் பயன்படும்?" என்பதற்கு விடை வேண்டும்.

இவ்விரு வாயில்களிலும் மனுவில் கையொப்பம் இடுபவர் நாமே. இந்தியாவில் இருந்துகொண்டும் இடலாம். 2024 ஏப்ரல் முதல் மனுக் கட்டணம் 715 டாலர். தமக்குத் தாமே மனுச் செய்வோர் மேலும் 300 டாலர் கட்ட வேண்டும். தனிக் கட்டணம் செலுத்தினால், முதல் வாயில் மனுவுக்கு 15 வேலை நாட்களிலும் இரண்டாவதற்கு 45 வேலை நாட்களிலும் இலாகா பதில் சொல்லும்.

இதுவரை சொன்னது உண்மைப் பாதி. இனி மற்றப் பாதிக்கு வருவோம்.

மனு ஏற்கப்பட்டது என்றால் கிரீன் கார்டு கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. அங்கே வசிக்கவோ வேலை செய்யவோ அது தானாக உரிமை தருவதும் இல்லை. ஒரு வரிசையில் இடம் கிடைத்தது, அவ்வளவே. தொழில் காரணமாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்கு இடம் உண்டு. மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரும் இக்கணக்கில் அடக்கம். இரண்டாம் பிரிவுக்கு இதில் 28.6 விழுக்காடு, அதாவது சுமார் 40,000. எந்த ஒரு நாட்டாருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது பொது விதி. அவ்விதிப்படி இரண்டாம் பிரிவில் இந்தியாவின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2,800. பிறர் பயன்படுத்தாத இடங்கள் மிஞ்சினால் சிறிது கூடும். சிறிய தீவு நாட்டுக்கும் 140 கோடி மக்கள் வாழும் நம் நாட்டுக்கும் உச்சவரம்பு ஒன்றே!

இதன் விளைவு என்ன? 2025 அக்டோபர் மாத விசா அறிவிப்பில், இந்தியாவுக்கான இரண்டாம் பிரிவு 2013 ஏப்ரல் 1-ஆம் தேதியில் நின்றது. அதற்கு முன் இடம்பிடித்தோருக்கே முறை வந்தது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்! முதல் பிரிவின் வரிசை இதைவிடக் குறுகியது. ஆனால் அதிலும் இந்தியருக்குச் சில ஆண்டுகள் காத்திருப்பு உண்டு. முதலாளி மூலம் வந்தவரும் தாமே மனுச் செய்தவரும் நிற்பது ஒரே வரிசையில்தான். காத்திருக்கும் காலத்தில் பிள்ளைக்கு 21 வயது கடந்துவிட்டால், சட்டம் அனுமதிக்கும் கழிவு போக, அப்பிள்ளை பெற்றோரின் மனுவிலிருந்து விலக நேரும்.

இவ்வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை. பிறந்த இடத்தைப் பார்க்கிறது. வானியல் மேதை சந்திரசேகரை எண்ணிப் பாருங்கள். தமிழ்க் குடும்பத்தில் 1910-இல் லாகூரில் பிறந்தவர். 1953-இல் அமெரிக்கக் குடிமகன் ஆனவர். இன்றைய விதியால் அளந்தால் அவர் பாகிஸ்தானின் கணக்கில் சேர்வார்! கொழும்பில் பிறந்த தமிழருக்கு இந்திய வரிசை இல்லை. கும்பகோணத்தில் பிறந்தவருக்கு உண்டு. கணவன் மனைவியருள் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்நாட்டுக் கணக்கில் இருவரும் சேரலாம். அறிவை அளந்து திறக்கும் கதவுக்குப் பின்னால், பிறந்த ஊரைக் கேட்கும் கதவு ஒன்று இருக்கிறது. முதற்கதவை உழைப்பால் திறக்கலாம். இரண்டாவதை நம்மால் அசைக்க முடியாது.

அப்படியானால் இம்மனுவால் பயனே இல்லையா? உண்டு. வரிசையில் நமக்குக் கிடைத்த தேதி நம்முடையது. பின்னாளில் வேறொரு பிரிவில், முதற்பிரிவில்கூட, மனு ஏற்கப்பட்டால் பழைய தேதியை அங்கே கொண்டு செல்லலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர், ஏற்கப்பட்ட மனுவைக் கொண்டு, முறை வரும்வரை ஆறாண்டு வரம்புக்கு அப்பாலும் நீட்டிப்புக் கேட்கலாம். ஆனால் அவ்விசாவுக்கு ஒரு முதலாளி வேண்டும் என்பதை மறக்கலாகாது. மனுவில் பெற்ற விடுதலை அன்றாட வாழ்வில் முழுமையாவதில்லை.

மாணவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. மாணவர் விசா, படிப்பு முடிந்து திரும்புவோம் என்னும் கருத்தின்மேல் தரப்படுவது. குடியேற்ற மனு எவரேனும் இட்டதுண்டா என்று விசா விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். உண்மையே சொல்ல வேண்டும். அவசரப்பட்டு மனுவிட்டவர், அதனாலேயே மாணவர் விசாவை இழக்கவும் கூடும். எனவே எந்த நேரத்தில் மனுவிடுவது என்பதைத் தக்க வழக்கறிஞரைக் கேட்டே முடிவு செய்க. "மனு ஏற்கப்படுவது உறுதி" என்று பணம் கேட்போரை அணுகவே வேண்டா.

இன்று நாம் செய்யக்கூடியது எளிது. கட்டுரை வெளியானால் அதன் சான்றைப் பாதுகாத்து வையுங்கள். பிறர் கட்டுரையை மதிப்பிடும் அழைப்பு வந்தால் ஏற்று, அக்கடிதத்தைப் போட்டு வையுங்கள். உங்கள் முடிவை வேறோர் ஆய்வுக்கூடம் எடுத்து ஆண்டால் குறித்துக்கொள்ளுங்கள். நம் பேராசிரியர் எழுதும் புகழுரையைவிட, நம்மை நேரில் அறியாத அறிஞர் நம் ஆய்வைப் பற்றி எழுதும் மதிப்புரைக்கு எடை அதிகம்.

கணக்கை முன்னரே தெரிந்துகொண்டு புறப்படுவோம். பத்தாண்டுக்கு மேலான காத்திருப்பை ஏற்று வாழ்வை அமைப்பதா, வேறு நாடு நாடுவதா, படித்துவிட்டுத் திரும்புவதா என்று பெற்றோரிடம் இன்றே மனம்விட்டுப் பேசுவோம். மூன்றில் எதுவும் தோல்வி அன்று. விவரம் அறியாமல் ஒன்றில் போய் விழுவதுதான் தோல்வி.