சிற்றுருச் சுடுகலன்

சிற்றுருச் சுடுகலன் என்பது முழு அளவுத் துப்பாக்கியின் பொறியமைப்பைப் பெரிதும் சுருக்கி, உண்மையாகவே குண்டு செலுத்தும் வகையில் செய்யப்படும் சிறு துப்பாக்கி ஆகும். காட்சிக்கு மட்டுமான மாதிரிகளும், தீபாவளியன்று சிறுவர்கள் வெடிக்கும் பொட்டுவெடித் துப்பாக்கிகளும் இதில் அடங்கா. பொட்டுவெடித் துப்பாக்கி ஒலியை மட்டுமே எழுப்பும். குண்டு எதையும் செலுத்தாது.

தொழில்நுட்பம்

ஒரு துப்பாக்கியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் எடை 27-இல் ஒரு பங்காகிவிடும். சுத்தியலை இயக்கும் வில்லில் சேமிக்கப்படும் ஆற்றலும் அதே வீதத்தில் குறையும். ஆனால், தோட்டாவைப் பற்றவைக்கத் தேவையான அடியின் வலு அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே, வடிவத்தைச் சுருக்குவதால் மட்டும் துப்பாக்கி இயங்கிவிடாது. வில், சுத்தியல், தோட்டா ஆகியவற்றைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். பெரிய துப்பாக்கியில் பொருட்படுத்தத் தேவையில்லாத 0.1 மில்லிமீட்டர் இடைவெளியும் இதில் பெரும் குறையாகிவிடும். இதனால் இக்கலை கடிகாரத் தொழிலுக்கு மிக நெருக்கமானது.

எடுத்துக்காட்டுகள்

ஆஸ்திரியாவைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளரான பிரான்ஸ் ஃபானல் வடிவமைத்த கோலிப்ரி கைத்துப்பாக்கி 1914 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. இப்பெயருக்கு ஜெர்மன் மொழியில் ஓசனிச்சிட்டு என்று பொருள். இதன் குண்டின் விட்டம் 2.7 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 0.2 கிராம். இத்துணைச் சிறிய குழலின் உட்புறத்தில், குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்களை வெட்ட அக்காலத்தில் இயலவில்லை. அதனால் குழல் வழவழப்பாகவே விடப்பட்டது. குறி தவறுவதும் மிகுதியாக இருந்தது.

சுவிட்சர்லாந்தில் 21 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட சுவிஸ்மினிகன் என்னும் சுழல் துப்பாக்கியின் நீளம் 5.5 சென்டிமீட்டர், எடை 19.8 கிராம். 2.34 மில்லிமீட்டர் தோட்டாக்களைப் பயன்படுத்தும் இது, இயங்கும் சுழல் துப்பாக்கிகளுள் மிகச் சிறியது எனக் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றது. இதன் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 1 ஜூல். வழக்கமான 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டின் ஆற்றலோ ஏறத்தாழ 500 ஜூல். எனினும் கண் போன்ற மென்மையான உறுப்புகளுக்கு இச்சிறு குண்டும் ஊறு விளைவிக்கும்.

இந்தியச் சட்டம்

இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெடிமருந்தின் ஆற்றலால் எறிபொருளைச் செலுத்துமாறு அமைந்த எவ்வகை ஆயுதத்தையும் சுடுகலனாகவே கொள்கிறது. பொம்மையாக அன்றி வேறெதற்கும் பயன்படாதவையும், ஆயுதமாக மாற்ற இயலாதவையுமே இதன் வரையறைக்குப் புறம்பானவை. எனவே, உள்ளங்கையில் அடங்குவதாயினும் குண்டு செலுத்தக்கூடிய சிற்றுருச் சுடுகலனைச் செய்வதற்கும் விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் உரிமம் தேவை.