குப்பமும் குடாக்கடலும்

குப்பம் என்று சொன்னால் நம்மவர் மனத்தில் கட்டுமரமும், மணலில் காயும் வலையுந்தான் தோன்றும். புதுச்சேரிக்கு மேற்கே பல மைல் உள்ளே தள்ளியிருக்கும் காட்டேரிக்குப்பத்திலோ கட்டுமரமும் இல்லை, வலையும் இல்லை. அங்கே நின்று பார்த்தால் கடல் தெரியாது, அலையோசை கேளாது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி அது. கடல் கொந்தளிக்கிறதென்று ரேடியோவில் சொன்னால், "அது மீன் பிடிப்பவர் பாடு, நமக்கென்ன?" என்று உள்நாட்டுக் குடியானவர் இருந்துவிடுவது வழக்கம். இந்த வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024-ஆம் வருஷத்துப் புயல் கண்கூடாகக் காட்டிவிட்டது.

அவ்வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரையேறிற்று. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 90 கிலோமீட்டர்தான். இதனினும் கொடிய காற்றை நமது ஜனங்கள் கண்டிருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து, பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2020 நவம்பரில் நிவர் புயலும் 120 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் வந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் ஃபெஞ்சல் எளிய புயலே. ஆனால் அது கரையேறிய பின்னும் போகவில்லை. பல மணி நேரம் புதுச்சேரிக்கு மேலேயே அசையாது நின்று கொட்டிற்று. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை! 2004-இல் பெய்த 21 சென்டிமீட்டரே அதற்கு முன் பெரிய அளவாகப் பேசப்பட்டு வந்தது. நகரத் தெருக்களில் ஜனங்களை மீட்க ராணுவத்தையே அழைக்க வேண்டியதாயிற்று. வீடூர் அணை திறந்துவிடப்பட்டு, சங்கராபரணி கரை புரண்டது. டிசம்பர் 2-ந் தேதி திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி ஜலம் வெளியேற, தென்பெண்ணை பாகூர்க் கொம்யூனின் கிராமங்களுக்குள் புகுந்தது.

இவ்வளவு ஜலமும் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து வந்தது. ஆகவே கடலின் நிலை என்ன என்று கேட்பது செம்படவர் வேலை மட்டுமன்று. ஏர் பிடிப்பவர் வேலையுமாகும்.

சமுத்திரத்தின் மேல்மட்ட ஜலம் சுமார் 26½ டிகிரிக்கு மேல் உஷ்ணமாயிருந்தால்தான் புயல் வளரும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொது விதி. நமது வங்காளக் குடாக்கடலோ வருஷத்தின் பெரும்பகுதி 28 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. உலகத்தில் நாளுக்கு நாள் சேரும் அதிக உஷ்ணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சமுத்திரங்களே ஏற்றுக்கொள்கின்றன. 2024-ஆம் வருஷம், கணக்கெடுக்கத் தொடங்கிய காலம் முதல் உலகம் கண்ட மிக உஷ்ணமான வருஷம் என்று சர்வதேச வானிலை ஸ்தாபனம் அறிவித்தது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு ஏறும். காற்று பலமில்லாத புயலும் பெருமழையைச் சுமந்து வர முடிவது இதனாலேயே.

நம் குடாக்கடலுக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி முதலிய பெருநதிகள் தென்மேற்குப் பருவத்தில் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்பு ஜலத்தினும் இலேசானது. ஆகையால் அது மேலே மிதந்து, கடலுக்கு ஒரு போர்வை போர்த்தினாற்போல் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, அந்நீரை ஆந்திரக் கரை வழியாக நம் கரைக்குத் தள்ளி வருகிறது. இந்தப் போர்வை உள்ளவரையில் அடியிலுள்ள குளிர்ந்த ஜலம் எளிதில் மேலே வராது. வெயிலில் ஏறிய உஷ்ணம் மேலேயே தங்கும். அரபிக் கடலைவிட நமது கடலில் அதிகப் புயல்கள் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

புயல் வந்த பிறகு கடல் பழையபடி இருப்பதில்லை. தயிரை மத்தால் கடைவது போலக் காற்று கடலைக் கடைகிறது. அடியிலுள்ள குளிர்ந்த ஜலம் மேலே வருகிறது. அதனுடன் உரச்சத்தும் வருகிறது. அச்சத்தைக் கொண்டு, வெளிச்சம் பட்டவுடன், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைச் சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை மீன்களும் தின்கின்றன. இவ்வகையில் புயல் கடலுக்கு உரமிடுகிறது எனலாம். ஆனால் நன்னீர்ப் போர்வை கனத்திருந்தால் கடைசல் ஆழம் செல்லாது. உரமும் மேலே வராது. கரையோரத்திலோ நிலைமை வேறு. வெள்ளம் கொண்டுவரும் வண்டலும் நகரத்துக் கழிவும் ஜலத்தைக் கலக்கி வெளிச்சத்தை மறைக்கின்றன. வானம் தெளிந்த பிறகும் பல நாள் கடல் தெளியாது.

கடல் தன் மேலுள்ள வானத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதுமன்று. தென் சமுத்திரத்தில் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வீசும் பெருங்காற்று எழுப்பும் நெடிய அலை, சில நாட்களில் நம் கரைக்கு வந்து சேருகிறது. காற்றும் இல்லை, மேகமும் இல்லை. அலை மட்டும் திடீரென்று ஏறி அடிக்கும். மலையாளக் கரையில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி ஜில்லாக் கரையில் இவ்வலை வீசிய சமயத்தில் உயிர்கள் பலியானதை நம் வாசகர்கள் மறந்திரார்.

இனி, காட்டேரிக்குப்பத்தைப் போன்ற ஊர்கள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயத்துக்கு வருவோம். சங்கராபரணி, முடிவில் அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலில் விழுகிறது. புயற்காற்று கடலைக் கரையை நோக்கித் தள்ளும்போது கடல் மட்டம் உயர்கிறது. முகத்துவாரத்தில் அலை எதிர்த்து நிற்கிறது. அப்போது மேலேயிருந்து வரும் வெள்ளம் வடிவதற்கு வழியேது? வாசலில் ஆள் நின்றால் வீட்டுக்குள்ளிருப்பவர் எப்படி வெளியே வர முடியும்? முகத்துவாரத்தில் தேங்கும் ஜலம் ஆற்றில் தேங்கும். ஆற்றில் தேங்குவது வாய்க்காலில் ஏறும். வாய்க்காலில் ஏறுவது வயலில் நிற்கும். கதிர் பிடிக்கும் பயிர் அழுகும். கடலைக் கண்ணால் காணாத குடியானவனுக்கு நஷ்டத்தைக் கொடுப்பது இவ்வாறு அந்தக் கடலேயாகும்.

2024-இல் நேர்ந்தது ஏதோ ஒரு தடவை வந்த விபத்து என்று எண்ணி ஆறுதல் அடைவதற்கும் இடமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்ட பிறகு, நமது கரையோரமாகவே மெல்ல ஊர்ந்து வந்தது. வலுவிழந்த பின்னும் அது சென்னைக்கருகில் கடலில் தங்கி மழை பெய்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷங்கள் இப்படித் தயங்கி நிற்கும் புயல்களைக் கண்டபின், காற்றின் வேகத்தை மட்டும் கேட்டு "பெரிய புயலில்லை" என்று படுத்துறங்குவது புத்திசாலித்தனமாகாது.

கடலை அளக்கும் ஏற்பாடுகள் நம்மிடம் இல்லாமலில்லை. குடாக்கடலில் மிதவைகள் நின்று உஷ்ணத்தையும் அலையையும் அளந்து அனுப்புகின்றன. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் அலைகளைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிறது. துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறுகிறது. படகு கடலுக்குப் போவதில்லை. இவையெல்லாம் போற்றத்தக்கவையே. ஆனால் கூண்டு ஏறுவது கடற்கரையில். அதன் பொருள் உள்நாட்டுக் கிராமத்துக்கு எட்டுகிறதா? கடல் மட்டம் உயர்ந்திருக்கிறது, இன்றிரவு ஆறு வடியாது, அணை திறக்கப்படும் என்ற மூன்று செய்திகளும் சேர்ந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் முன்னதாக வந்தால், மாட்டையும் விதை நெல்லையும் மேட்டில் ஏற்றலாம். மதகைக் காலத்தில் திறக்கலாம். வெள்ளம் வந்த பிறகு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அளிப்பது அவசியமே. வெள்ளத்துக்கு முந்திய நாள் தரும் செய்தியோ அதனினும் மதிப்புள்ளது.

செய்தி மட்டும் போதாது. புதுச்சேரிப் பிரதேசத்துக்கு ஊசுட்டேரி, பாகூர் ஏரி முதலாக 84 ஏரிகள் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே ஏரிப் பாசனத்துக்குக் குடியானவர் சங்கங்கள் இருந்தன. 1999 முதல் ஐரோப்பியர் உதவியுடன் ஏரிகளைச் சீர்திருத்தும் திட்டமும் நடந்தது. ஏரி தூர்ந்து, வரத்து வாய்க்காலில் வீடு கட்டப்பட்டு, கலிங்கலில் முட்செடி மண்டியிருந்தால், கடல் அனுப்பும் மழை எங்கே போய்த் தங்கும்? வைகாசி, ஆனியில் வெட்டாத வாய்க்காலை ஐப்பசி அடைமழையில் வெட்ட முடியாது.

ஆகவே நாம் கேட்பது இரண்டே. கடலின் செய்தியைக் கடற்கரையோடு நிறுத்தாமல் கிராமந்தோறும் கொண்டுசேர்க்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவத்துக்கு முன்னரே ஏரியும் வாய்க்காலும் செப்பமாயிருக்கின்றனவா என்பதை ஊரார் கூடி நேரில் பார்க்க வேண்டும். முன்னது சர்க்கார் கடமை; பின்னது நமது கடமை. ஒன்றைக் காரணங்காட்டி மற்றொன்றை விட்டுவிடுவதற்கில்லை. காட்டேரிக்குப்பத்துக்குக் கடற்கரை இல்லாமலிருக்கலாம். கடல் இல்லையென்று இனி யாரும் சொல்ல முடியாது.