ஜப்பான் மோகம்

ஒரு காலத்தில் மாணவர் விடுதியின் சுவர்களைத் திரைப்பட நடிகர்களும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களுமே ஆண்டு வந்தனர். இன்று அவர்களுக்கு அருகில் வேறொரு கூட்டமும் இடம் பிடித்துவிட்டது. முள்ளம்பன்றி போல் நிமிர்ந்த தலைமயிர், முகத்தில் பாதியை விழுங்கும் கண்கள், கையில் வாள். இவர்கள் ஜப்பானியச் சித்திரக் கதை மாந்தர். சித்தூரிலிருந்து வந்து திருப்பதியில் என்னோடு தங்கிப் படிக்கும் தம்பி ஒருவர், தேர்வுக் காலத்திலும் இவர்களைப் பிரிவதில்லை. "அண்ணா, ஒரே ஒரு பகுதி பார்த்துவிட்டுப் படிக்கிறேன்" என்பார். கோழி கூவும் வரை அந்த ஒரு பகுதி முடியாது.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "டோரேமான் கதையில் சிறுவர்கள் விளையாடும் வெற்றிடத்தில் மூன்று பெரிய குழாய்கள் கிடக்கின்றனவே, அவை அங்கே எப்படி வந்தன?" அவர் சற்று விழித்தார். "அதையெல்லாம் யார் அண்ணா கவனித்தார்கள்?" என்றார். சிறு வயது முதல் தமிழ்க் குரலில் அவர் பார்த்து வந்த கதை அது. அந்தக் குழாய்கள் அவர் கண்ணில் பட்டன, கருத்தில் படவில்லை. இக்கட்டுரை அந்தக் குழாய்களைப் பற்றியது என்றே கொள்ளலாம்.

ஜப்பான்மீது தமிழர் கொண்ட விருப்பம் நேற்றுத் தோன்றியதன்று. பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' என்றொரு கட்டுரை எழுதினார். யோனே நொகுச்சி என்னும் ஜப்பானியப் புலவர் கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, மூன்றே அடியில் ஓர் உலகைக் காட்டும் அந்தப் பாடல் முறையைத் தமிழர்க்கு எடுத்துச் சொன்னார். பின்னர் 1935-இல் கோட்டையூர் ஏ. கே. செட்டியார் புகைப்படக் கலை பயில டோக்கியோ சென்றார். அங்குள்ள மக்கள் வாழும் முறையைக் கண்டு தமிழில் எழுதினார். ஒருவர் கவிதை வழியாகவும், மற்றவர் கால்நடையாகவும் ஜப்பானை நெருங்கினர். நம் தலைமுறை கைப்பேசித் திரை வழியாக நெருங்குகிறது. வழி எதுவாயினும் குற்றமில்லை. வாயில் வரை சென்றவர் உள்ளே நுழைகிறாரா, வாயிலிலேயே நின்றுவிடுகிறாரா என்பதுதான் கேள்வி.

'வாயில்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இத்தகைய தீவிர ரசிகரை ஜப்பானியர் 'ஒதாக்கு' என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருள் 'தங்கள் இல்லம்' என்பதாகும். எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லாமல், 'நீ' என்றும் சொல்லாமல், மரியாதையோடு அவர் வீட்டைச் சுட்டி அழைக்கும் வழக்கு அது. மனைவியைக் குறிக்க 'வீட்டில்' என்று சொல்லும் நம் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சித்திரக் கதை ரசிகர்கள் தமக்குள் இப்படி அழைத்துக்கொண்டதைக் கண்ட நக்கமோரி அக்கியோ என்ற எழுத்தாளர், 1983-இல் அவர்களையே அப்பெயரால் கேலி செய்து எழுதினார். கேலிப் பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டு இளைஞர் பெருமையாகச் சூட்டிக்கொள்ளும் இப்பட்டம், அங்கே நெடுங்காலம் வசைச் சொல்லாக இருந்தது என்பதை மறத்தலாகாது.

இந்த ரசிகர் உலகம் எவ்வாறு வளர்ந்தது? தெசுக்கா ஒசாமு என்பவர் 1952-இல் வரையத் தொடங்கிய 'அணுச் சிறுவன்' கதை, 1963 சனவரி முதல் நாள் தொலைக்காட்சியில் அசையும் படமாக வந்தது. வாரம் ஒரு பகுதி. கையில் பணமோ குறைவு. ஆகவே ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினர். முகம் அசையாமல் வாய் மட்டும் அசைந்தது. பின்னணி ஓவியங்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். அசைவு குறைந்த இடத்தைப் பெரிய கண்ணும், நீண்ட மௌனமும், கதையின் உருக்கமும் நிரப்பின. வறுமை ஒரு கலைநடையைப் படைத்தது.

1975 டிசம்பரில் டோக்கியோவில் ரசிகர்கள் தாமே வரைந்து அச்சிட்ட ஏடுகளை விற்க ஒரு சந்தை கூட்டினர். 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேருமே அன்று கூடினர். 'காமிக் மார்க்கெட்' என்னும் அச்சந்தைக்கு இன்று இலட்சக்கணக்கில் மக்கள் வருகின்றனர். அக்கிஹபாரா என்ற கடைவீதியின் கதையும் இத்தகையதே. போருக்குப் பின் வானொலி உதிரிப் பாகங்கள் விற்ற இடம் அது. பின்பு வீட்டு மின்கருவிகள், அதன்பின் கணினிகள், இறுதியில் பொம்மைகளும் சித்திரக் கதைகளும் அங்கே குடியேறின. சென்னை ரிச்சி தெருவுக்கு நடுவே ஒரு திருவிழாக் கடைவீதி முளைத்தது போல எண்ணிக்கொள்ளலாம்.

இனிக் குழாய்களுக்கு வருவோம். டோரேமான் கதை 1969-இல் தொடங்கிற்று. அந்தக் காலத்தில் டோக்கியோ நகரம் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. தெருத் தெருவாகக் கழிவுநீர்க் குழாய் பதித்தனர். பதிப்பதற்கு முன் அவற்றை வெற்றிடங்களில் அடுக்கி வைத்தனர். குழந்தைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடினர். ஒரு நாடு போரின் அழிவிலிருந்து எழுந்து தன்னைக் கட்டிக்கொண்ட வரலாறு அம்மூன்று குழாய்களில் இருக்கிறது. டோரேமான் ஏன் அலமாரியில் உறங்குகிறது? ஜப்பானியர் இரவில் மெத்தையைப் பாய்த்தரையில் விரித்து, காலையில் மடித்துச் சுவர் அலமாரியில் வைப்பர். நம் வீட்டில் பாயைச் சுருட்டிப் பரணில் வைப்பது போன்றது அது. இரவில் மெத்தை வெளியே வந்துவிட்டால் அலமாரி காலியாகும். பூனைக்கு இடம் கிடைக்கும்!

இவ்வாறே ஒவ்வொன்றும். வீட்டுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுவதும், உண்ணுமுன் 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள்படும் 'இததக்கிமாசு' என்ற சொல்லைச் சொல்வதும், பள்ளியில் மாணவரே வகுப்பைத் துடைத்துப் பெருக்குவதும் கதைக்காகப் புனைந்தவை அல்ல, நாள்தோறும் நடப்பவை. 1990-இல் தொடங்கிய சின்சான் கதையில் நாம் சிறுவனின் குறும்பைக் கண்டு சிரிக்கிறோம். நெரிசல் மிக்க இரயிலில் அலுவலகம் சென்று, வீட்டுக் கடனை எண்ணிப் பெருமூச்சு விடும் அவன் தந்தையைக் கண்டு ஜப்பானியத் தந்தையர் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கண்ணீரும் உண்டு. வீட்டை விட்டு வெளியே வராமல் ஒதுங்கி வாழ்வோர் அந்நாட்டில் சுமார் 14.6 இலட்சம் பேர் என்று 2023-இல் வெளியான அரசு ஆய்வு மதிப்பிட்டது. திரையில் காணும் வண்ண நகரத்தில் இவர்களும் வாழ்கின்றனர்.

மொழியைப் பார்ப்போம். இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு நற்பேறு காத்திருக்கிறது. ஜப்பானிய வாக்கியத்திலும் வினை இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும். அடைமொழி முன்னே வரும். 'தபேதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. 'தபேதே' சாப்பிட்டு, 'மிரு' பார். உண்பதைக் கண்ணால் பார்ப்பது எப்படி என்று ஆங்கிலேயர் திகைப்பர்; நாம் திகைப்பதில்லை. 'என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று' போல அவர்களுக்கு 'தோ' உண்டு. மழை 'சாசா' என்று கொட்டும். பொன் 'பிக்காபிக்கா' என்று மின்னும். 'சலசல', 'பளபள' என்று பேசுகிறவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டுமோ? இவ்வொற்றுமைகளைக் கண்டே ஒனோ சுசுமு என்ற ஜப்பானியப் பேரறிஞர் இரு மொழிகளும் உறவுடையவை என்று வாதிட்டார். யாழ்ப்பாணத்து அறிஞர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தனர். மொழியியலாளர் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்கவில்லை. உறவு இல்லாவிடினும், கற்பதற்கு எளிமை இருப்பது உண்மை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சித்திரக் கதை வீரன் எதிரியை 'ஒமாயே' என்று விளிப்பான்; தன்னை 'ஒரே' என்பான். கேட்கக் கம்பீரமாக இருக்கும். அவற்றை அப்படியே கற்றுக்கொண்டு மேலதிகாரியிடம் பேசினால், நம் பேராசிரியரை 'ஏண்டா' என்று கூப்பிட்டது போலாகும். நீ, நீர், நீங்கள் என்ற படிகளைத் தாய்ப்பாலோடு கற்ற நமக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. திரையில் ஆயிரம் மணி நேரம் செலவிட்ட ரசிகர், முதல் வணக்கத்திலேயே தவறக்கூடும்.

இது வெறும் நாகரிகப் பாடம் அன்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022-இல் புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்த சத்தியவேடு பகுதியை எண்ணிப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்கள் அவை. அங்கேதான் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரம் இருக்கிறது. இசுசு, கோபெல்கோ, டோரே, டைக்கின் முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் அங்கே தொழிற்சாலை அமைத்துள்ளன. நம் விடுதித் தோழர்களுள் சிலர் நாளை அங்கே வேலைக்குச் செல்வர். எதிரில் அமர்ந்திருக்கும் ஜப்பானியப் பொறியாளர் வாள் ஏந்தியவராக இருக்கமாட்டார். சின்சானின் தந்தையைப் போல் மாதக் கடன் கட்டுகிறவராக, ஊரில் விட்டு வந்த பிள்ளையை நினைக்கிறவராக இருப்பார். அவரைப் பொம்மையாகப் பார்க்கப் போகிறோமா, மனிதராகப் பார்க்கப் போகிறோமா?

இதன் அருமை, நாம் பொம்மையான கதையைக் கேட்டால் விளங்கும். சில நூற்றாண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியர் கப்பல்களில் ஜப்பானுக்குப் பருத்தித் துணி சென்றது. கோடு போட்ட துணியை அவர்கள் 'சந்தொமே' என்றனர். நம் சாந்தோமின் பெயர்தான் அது. பூவேலைத் துணி 'சரசா' எனப்பட்டது. தேநீர் விருந்துப் பெரியோர் அதன் சிறு துண்டையும் போற்றி, விலையுயர்ந்த கலங்களுக்குப் பை தைத்தனர். துணியைப் போற்றினர், நெய்தவனும் சாயம் தோய்த்தவனும் யார் என்று அறிந்தாரில்லை. 1998-இல் இரஜினிகாந்தின் 'முத்து' டோக்கியோ ஷிபுயாவில் 'ஆடும் மகாராஜா' என்ற பெயரோடு வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. 2022-இல் தெலுங்குப் படமான 'ஆர்.ஆர்.ஆர்.' வந்து முறியடிக்கும் வரை அதன் வசூல் சாதனை நின்றது. தமிழரெல்லாம் காலை எழுந்ததும் குதிரை வண்டியில் ஏறிப் பாடுவார்கள் என்று ஒரு ஜப்பானிய ரசிகர் நினைத்தால் நமக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் வருத்தமும் வரும். ஆயினும் அந்த ரசிகர்களுள் சிலர் தமிழ் கற்றனர். சென்னைக்கு வந்து நம் தெருக்களில் நடந்தனர். அவர்கள் வாயிலைக் கடந்தவர்கள்.

யுகோ சாக்கோ என்னும் மற்றொரு ஜப்பானியர் 1983-இல் அகழாய்வு பற்றிப் படம் எடுக்க இந்தியா வந்து, இராமகதையைக் கேட்டு மயங்கினார். மயக்கத்தோடு நிற்கவில்லை. இராமாயண நூல்களைத் தேடிப் படித்தார். இராம் மோகன் போன்ற இந்தியக் கலைஞரோடு சேர்ந்து உழைத்தார். அயல்நாட்டார் இதைச் சித்திரமாக்கலாமா என்ற எதிர்ப்பையும் தாங்கினார். அவர் படம் 1990-களின் தொடக்கத்தில் முடிந்தது. 2025 சனவரியில்தான் தமிழ், தெலுங்குக் குரல்களோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை, 2012-இலேயே மறைந்தார். ரசிகன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த சான்று அவர்.

தோழர்களே! படம் பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் குழாய் எங்கிருந்து வந்தது? இந்தச் சோற்றுருண்டையை யார் கட்டிக் கொடுத்தார்? இவர் ஏன் இவ்வளவு குனிந்து வணங்குகிறார்? ஜப்பானிய மொழியின் எழுத்துக்களைக் கற்கத் தொடங்குங்கள். சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் நிலையம் அம்மொழியைக் கற்பித்து வருகிறது. மொழித் தேர்வு ஐந்து படிகளாக இருக்கிறது. முதற்படியில் ஏற யாருக்கும் தடையில்லை.

அந்தச் சித்தூர்த் தம்பி இப்போது எங்கள் அறைச் சுவரில் வாள் வீரனுக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்து அட்டவணை ஒன்றை ஒட்டியிருக்கிறார். நேற்று இரவு உணவு நேரத்தில் என் தட்டிலிருந்த வடையைக் காட்டி, "தபேதே மிரு?" என்றார். கேட்டுவிட்டு என் விடைக்குக் காத்திராமல் எடுத்துச் சாப்பிட்டும் பார்த்துவிட்டார். வடை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஒருவர் வாயிலைக் கடந்துவிட்டார்.