பல்லுக்கு வேர் வைத்தியம்: பயப்பட வேண்டியது எதற்கு?

போன தை மாதம், மாப்பிள்ளைச் சம்பா அறுப்புக்கு ஆள் சொல்லி வைத்திருந்த சமயம் அது. கீழ்த்தாடையில் இடதுபக்கக் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று ஒரு நொடி. பிறகு சூடான காபி குடித்தால் பத்து நிமிடம் விண்விண் என்று தெறித்தது. ராத்திரி படுத்தால் இன்னும் அதிகம். நம்மில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிராம்பை நசுக்கி வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். எட்டாம் நாள் வலி நின்றுவிட்டது. "பாத்தியா, கிராம்பு கேட்டுடுச்சு" என்று வீட்டில் பெருமை வேறு பேசினேன். பங்குனியில் ஒருநாள் காலை எழுந்தால் தாடை வீங்கிக் கிடக்கிறது. குழைந்த சாதத்தைக்கூட மெல்ல முடியவில்லை.

வலி நின்றதற்குக் காரணம் பல் குணமானது அல்ல, உள்ளே இருந்த நரம்பு செத்துப்போனதுதான். இதைத் தஞ்சாவூரில் பல் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கியபோதுதான் புரிந்தது. 34 வருடம் வங்கியில் கடன் பார்த்தவன் நான். ஒரு கணக்கு சத்தமில்லாமல் கிடந்தால் கடன் அடைந்துவிட்டது என்று ஒருநாளும் நம்பியதில்லை. சொந்தப் பல் விஷயத்தில் மட்டும் நம்பியிருக்கிறேன்.

பல்லின் வெளிப்பக்கம் எனாமல். அதற்குள் சற்று மெதுவான ஒரு பகுதி. நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையிலும், அதிலிருந்து வேருக்குள் இறங்கும் மெல்லிய குழாய்களிலும் நரம்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த சதை இருக்கிறது. சொத்தை எனாமலோடு இருந்தாலோ, அறையைத் தொடாமல் இருந்தாலோ, சுரண்டி அடைத்தால் போதும். செலவும் குறைவு. குளிர்ச்சி பட்டு உடனே மறையும் கூச்சம் பெரும்பாலும் அந்தக் கட்டம்தான். வலி நிமிடக்கணக்கில் நீடிக்கிறது, சும்மா இருக்கும்போதும் வருகிறது, ராத்திரி எழுப்புகிறது என்றால் கிருமி அறைக்குள் போயிருக்கும். அந்தச் சதை கெட்டியான சுவருக்குள் அடைபட்டது. வீங்க இடமில்லை. அதனால்தான் அப்படி ஒரு வலி. பிறகு ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிடுகிறது. கிருமி வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது.

கிராம்பை நான் குறை சொல்லவில்லை. அதில் உள்ள யூஜெனால் என்ற எண்ணெய்ப்பொருள் நரம்பை மரக்கச் செய்யும். பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் ஒரு பசையிலும் அதே யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத்தான் வைக்கிறார்கள். நம் பாட்டிக்கும் அவர்களுக்கும் அந்த மட்டும் ஒற்றுமை. ஆனால் குழாய்க்குள் அழுகிக் கிடப்பதைக் கிராம்பு வெளியே எடுக்காது. ஆன்டிபயாடிக் மாத்திரையும் எடுக்காது. மருந்து ரத்தத்தோடுதான் போக வேண்டும், செத்த பல்லுக்குள் ரத்தமே போவதில்லை. எனக்கு வீக்கம் தாடைவரை பரவியிருந்ததால் மாத்திரை கொடுத்தார்கள். அதை மட்டும் தின்றுவிட்டு வீட்டில் இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் திரும்ப வந்திருக்கும். வலிக்கு ஈறில் புகையிலை அடக்கிக்கொள்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது பிறகு வாய்ப்புற்றில் கொண்டுபோய் விடும்.

இனி நாற்காலியில் நடப்பதைச் சொல்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு மரத்துப்போகும் ஊசி. அது ஒரு எறும்புக்கடி. கீழ்ப்பல்லுக்குத் தாடை நரம்பு பார்த்துப் போடுவதால் உதடும் பாதி நாக்கும் தடித்தது மாதிரி ஆகிவிடும். சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது. எனக்கு முதல் தடவை கொஞ்சம் வலித்தது. "சார், வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்றார் அந்தப் பெண் டாக்டர். தூக்கினேன். நிறுத்தி இன்னொரு ஊசி போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை, அங்கே அது முடியவும் முடியாது.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் தாள் மாட்டி, மேலே துளை போட்டு அறையைத் திறந்தார். ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், எனக்கே வெட்கமாகிவிட்டது. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், மூன்று குழாய். சிலருக்கு நான்கும் இருக்கும். தலைமுடி போன்ற மெல்லிய அரங்களை ஒவ்வொன்றாக விட்டு உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுக்கிறார்கள். வேர்நுனி எங்கே முடிகிறது என்பதை ஒரு சின்னக் கருவி கீச் கீச் என்று சொல்லிவிடுகிறது. நடுநடுவே சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலால் கழுவுகிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் வாசம்தான். ரசாயனமே ஆகாது என்று இருக்கும் நமக்கு இது உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. ஆனால் கிருமியைக் கொல்வதோடு செத்த சதையையும் கரைத்து எடுக்க வேண்டியிருக்கிறதே!

குழாய் சுத்தமானதும் அடைக்கிறார்கள். அடைக்கும் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. மலேயா, இந்தோனேசியப் பக்கத்து மரமொன்றின் பாலிலிருந்து வருவது. நம்ம இலுப்பை, சப்போட்டா குடும்பம்தான் அந்த மரமும். 1850களில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதைத்தான் மேலே உறையாகச் சுற்றினார்கள். டாக்டரிடம் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்ததில் மூன்றாவது தடவை நேரம் போனதே தெரியவில்லை.

ஆமாம், எனக்கு மூன்று தடவை ஆயிற்று. சீழ் இருந்ததுதான் காரணம். இல்லையென்றால் ஒன்றிரண்டு தடவையிலேயே முடிவதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் மரமரப்பு போகும்வரை சாப்பிடக் கூடாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாள் மெல்லும்போது வலி இருக்கும், அது இயல்பு. வலி குறையாமல் கூடினாலோ, வீக்கம் வந்தாலோ திரும்பப் போக வேண்டும். வீக்கம் தாடைக்கடியில் கழுத்துக்கு இறங்கி, காய்ச்சலோடு எச்சில் விழுங்கச் சிரமமாக இருந்தால் விடியட்டும் என்று படுக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் இத்தனையும் முடித்துவிட்டு கேப் போடாமல் விட்டார். வலிதான் போய்விட்டதே, எதற்கு வீண் செலவு என்று நினைத்தார். ஆறாம் மாதம் வறுத்த கடலையைக் கடித்தபோது பல் வேர்வரை பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. சொத்தையிலும் துளையிலும் பாதியை இழந்த கடைவாய்ப்பல் மெல்லும் பாரத்தைத் தாங்காது. முன்பல்லுக்குப் பல சமயம் கேப் வேண்டியிருக்காது, கடைவாய்ப்பல்லுக்குக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நண்பர்கள் வட்டத்தில் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வேர் சிகிச்சை செய்த பல் உடம்பு முழுக்க நோய் பரப்பும், புற்றுநோய் தரும் என்று. இதன் மூலம் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் சுமார் 100 வருடத்துக்கு முன் செய்த சோதனைகள். பிற்பாடு ஒழுங்கான முறையில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு வரவில்லை. பாரம்பரிய உணவைப் பற்றி அவர் எழுதியதற்காக நம் ஆட்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். அதற்காக இதையும் நம்ப வேண்டியதில்லை. அழுகிய பல்லை அப்படியே வைத்திருப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று, சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். நான் வெள்ளைச் சர்க்கரையை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பிறகு எப்படிச் சொத்தை வந்தது என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கருப்பட்டி காபி குடிப்பீங்க?" என்று கேட்டார். ஐந்து. வாயில் இருக்கும் கிருமிக்குக் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் சர்க்கரைதானாம். எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பதுதான் கணக்கு. இப்போது இரண்டு தடவையோடு சரி.

எனக்குச் சிகிச்சைக்கு 4,500 ரூபாயும், பீங்கான் பூசிய உலோகக் கேப்புக்கு 4,000 ரூபாயும் ஆயிற்று. இது இடத்துக்கு இடம் மாறும். தொடங்கும் முன்பே கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கையில் பணம் இல்லையென்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காத்திருக்க வேண்டியிருக்கும். அறுப்பு நேரத்தில் போகாமல், நடவு முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போதே போய்க் காட்டிவிடுங்கள்.