லயத்து ஞாயிறு

ஊவா மலைநாட்டின் சிறப்பைக் கூறப் புகுவோர், 1921ஆம் ஆண்டில் தெமோதரையருகே எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தையும், 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையையும் குறிப்பிடுவர். தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

வாரமெல்லாம் விடியுமுன்னே பெரட்டுக் களத்துக்கு விரைந்த தாய், அன்றுதான் அடுப்பங்கரையில் அமைதியாக அமர்வாள். கோதுமை மா ரொட்டி கல்லில் வேகும். அம்மியில் தேங்காயும் செத்தல் மிளகாயும் சம்பலாகும். பிள்ளைகள் குளிருக்கு அடுப்பைச் சுற்றிக் குந்தியிருப்பர். பிற்பகலில் ஊசியும் நூலும் வெளிவரும். நைந்த சேலைகளை அடுக்கடுக்காக மடித்து, ஓரம் பிடித்துத் தைத்தால் பனிக்காலத்துப் போர்வை ஆயிற்று. எது தீபாவளிச் சேலை, எது பாட்டி உடுத்தது என்பதைப் பிள்ளைகள் தொட்டே சொல்லிவிடுவர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பாகம் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பிற்பாடு தீர்மானிக்கப்பட இருந்தது. இம்மலைகளையன்றி வேறு ஊர் அறியாத பிள்ளைகளும் தலைமன்னாரில் இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். அம்மிக்கல்லைச் சுமந்து செல்ல இயலாது. போர்வையைச் சுருட்டிக் கட்டலாம். அரசாங்க ஏட்டில் எண்ணாகிவிட்டவர்களின் குடும்ப வரலாறு அத்தகைய தையலில்தான் எஞ்சியது.

அந்நாட்களைக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவைப்பது நம் கடன் அன்றோ?