பெட்டியில் 8கே, திரையில் எவ்வளவு?

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல் கடைக்கு வந்தபோது அதன் பெட்டியில் ‘8கே’ என்று அச்சிட்டிருந்தார்கள். 8கே என்றால் திரையில் சுமார் 3.3 கோடிப் புள்ளிகள். நம் வீட்டு ஃபுல் எச்டி டிவியில் இருப்பதோ ஏறக்குறைய 21 லட்சம். பெட்டியைப் பார்த்து வாங்கியவர்களுக்கு, உண்மையாகவே 8கே-யில் ஓடும் கேம் என்று காட்ட ஒன்றிரண்டுகூடச் சரியாகத் தேறவில்லை. 2024 வாக்கில் வந்த பெட்டிகளில் அந்த எழுத்து சத்தமில்லாமல் காணாமல்போனது.

புதிய கன்சோல் வரும்போதெல்லாம் ‘அடுத்த தலைமுறை கிராஃபிக்ஸ்’ என்ற பேச்சும் கூடவே வருகிறது. 1994-இன் முதல் பிளேஸ்டேஷனிலிருந்து 2000-இன் இரண்டாவதற்கும், அங்கிருந்து 2006-இன் மூன்றாவதற்கும் போனபோது அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. கேம் பக்கமே போகாத பாட்டிக்கும் வித்தியாசம் தெரிந்தது. இப்போது அப்படியில்லை. ஃபுல் எச்டியிலிருந்து 4கே-வுக்குப் போனால் புள்ளிகள் நான்கு மடங்கு; ஆனால் 43 அங்குல டிவியைச் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு அதில் பெரும்பகுதி எட்டுவதில்லை. போதாததற்கு, 2022-இல் வந்த ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’, ‘கிரான் டுரிஸ்மோ 7’ இரண்டும் 2013-ஆம் ஆண்டின் பிளேஸ்டேஷன் 4-லும் ஓடின. பழைய பெட்டியிலும் ஓடவேண்டிய கேம் புதிய பெட்டியின் முழுத் திறமையையும் காட்டாது.

முன்னேற்றமே இல்லை என்று சொல்லவரவில்லை. அது படத்தில் இருப்பதைவிட வேகத்தில் இருக்கிறது. ‘ஸ்பைடர்மேன்’ கேமில் 15 விநாடி பிடித்த ஒரு காத்திருப்பு புதிய பெட்டியில் ஒரு விநாடிக்கும் குறைவாகச் சுருங்கியதை பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி 2019-லேயே செய்துகாட்டியது. விநாடிக்கு 30 படம் என்பது பல கேம்களில் 60 ஆனது. படம் அழகாக இருக்கவேண்டுமா, ஓட்டம் சீராக இருக்கவேண்டுமா என்று கேட்டால் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஓட்டத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று, 2024-இல் பிளேஸ்டேஷன் 5-இன் ப்ரோ மாடலை அறிமுகம் செய்தபோது அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னியே சொன்னார். அந்த ப்ரோவின் அமெரிக்க அறிமுக விலை 700 டாலர். டிஸ்க் போடும் கருவியைத் தனியாக வாங்கவேண்டும். கையில் பிளேஸ்டேஷன் 4-ம் வீட்டில் ஃபுல் எச்டி டிவியும் உள்ளவர் படத்துக்காக மட்டும் கடன் தவணை போட்டுப் புதியது வாங்கவேண்டியதில்லை என்பதே என் கருத்து.

சரி, வாங்கி ஏமாந்தால்? ‘கண்ணைப் பறிக்கும்’, ‘இதுவரை காணாத’ என்பதெல்லாம் விளம்பரப் புகழ்ச்சி. அதை வைத்து வழக்கில் பெரிதாக எதுவும் சாதிக்கமுடியாது. அளந்து பார்க்கக்கூடிய எண்ணைச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. 2013-இல் பிளேஸ்டேஷன் 4-உடன் வந்த ‘கில்சோன் ஷேடோ ஃபால்’ கேம் 1080பி, அதாவது ஃபுல் எச்டி, என்று விற்கப்பட்டது. தனியாக ஆடும்போது அது உண்மைதான். பலரோடு சேர்ந்து ஆடும் பகுதியிலோ, ஒவ்வொரு படத்திலும் அகலத்தில் 1920-க்குப் பதில் 960 புள்ளிகளையே புதிதாக வரைந்து, மீதியை முந்தைய படங்களிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். கேமை உருவாக்கிய நிறுவனமே பிறகு இதை விளக்கியது. வாங்கிய ஒருவர் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். தள்ளுபடி செய்யும்படி சோனி கேட்டதை 2014 டிசம்பரில் நீதிபதி மறுத்துவிட்டார். இறுதித் தீர்ப்பு வரை வழக்கு போகவில்லை. ஆனாலும் ‘1080பி’ என்ற அந்த ஓர் எண்தான் வழக்கை நிற்கவைத்தது. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ பழைய கன்சோல்களில் திக்கித் திணறியபோது, சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. பலர் சேர்ந்து குரல் கொடுத்ததால் நடந்தது அது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதை மட்டுமல்ல, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020-இன் மின்வணிக விதிகளில் இன்னும் நேரடியான பிடி இருக்கிறது: விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லையென்றால், திரும்ப எடுக்கமாட்டேன் என்று விற்றவர் சொல்லமுடியாது. ‘பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே’ என்று தட்டிக்கழித்தால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை உண்டு. 4கே என்பது கேம் உள்ளே வரையும் அளவா, குறைந்த அளவில் வரைந்து விரித்துக் காட்டுவதா? 4கே-யில் விநாடிக்கு 120 படம் வேண்டுமென்றால் டிவியில் எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதா? சேமிப்பிடம் எவ்வளவு மிஞ்சும்? முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைத்தது சுமார் 667 ஜிபி. எல்லாவற்றையும்விட முக்கியம், இந்திய வாரண்டி உண்டா என்பது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பில் இல்லாமல் விற்கும் பெட்டி சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். பழுதானால் சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள். டிஜிட்டலாக வாங்கும் கேமில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம், ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய, அந்த வாய்ப்பு போய்விடும். ஆடிப் பார்ப்பவர்களின் வீடியோவைப் பார்த்த பிறகே பட்டனை அழுத்துங்கள்.

புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் போட்டோ மூன்றையும் வாங்கிய அன்றே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் கெடு இரண்டு ஆண்டுகள்.