பழைய வீட்டுக்கு சிமெண்ட் ஏன் ஆகாது?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பல செட்டிநாட்டு வீடுகள் இப்போது விடுதிகள். அறைக்கு ஒரு குளியலறை, மாடியில் தண்ணீர்த் தொட்டி. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வீடுகளின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது கான்கிரீட் தூண் அல்ல, கனத்த செங்கல் சுவர். "இடையில்தானே இருக்கிறது" என்று ஒன்றை இடித்தால், மேலே உள்ள உத்தரம் எதன்மேல் உட்காரும்? 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். ஆட்கள் நடக்கவென்று போட்ட மரத்தளத்துக்கு அது பெருஞ்சுமை.

பாரத்தையாவது கணக்குப் போட்டுவிடலாம். ஈரம் சத்தமில்லாமல் வேலை செய்யும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு தன் நுண்துளைகள் வழியே காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். அதில் கரைந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனையும் கண்ணில் படாமல் உளுத்துப்போகும். வெளியே பூச்சு மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும்!

சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மென்மை. சுவர் சற்று அசைந்தால் அது வளைந்துகொடுக்கும். சிமெண்ட் விட்டுக்கொடுக்காது, உடைவது செங்கல்தான். அதனால்தான் அனுபவசாலிக் கொத்தனார் முதலில் சுண்ணாம்பு கேட்கிறார். அது இறுக நாளாகும். விடுதிக்காரருக்கோ அடுத்த சீசனுக்குள் கதவு திறக்க வேண்டும்.